ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் துணைநாய்: முடிவெடுப்பதிலிருந்து முதல் வருடம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாய் நல்லது என்று யாராவது சொல்வார்கள். அடுத்த வாரமே வீட்டுக்கு ஒரு லாப்ரடார் குட்டி வந்துவிடும். ஐந்தாறு மாதத்தில் அது மொட்டை மாடியில் கட்டிக் கிடக்கும், அல்லது மாமாவின் தோட்டத்துக்குப் போயிருக்கும். குட்டி மேலும் பிள்ளை மேலும் பழி போட ஒன்றுமில்லை. வேலையைத் தலைகீழாகத் தொடங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் பெரியவர்கள், அப்புறம் பிள்ளை, கடைசியில்தான் நாய். இது தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதியது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சட்டம், வெளியிடம் பற்றிய பகுதிகள் வேறு மாதிரி இருக்கும், மற்றவை பொருந்தும்.

1. எந்த வகை நாய் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

யூடியூபில் பார்ப்பது பெரும்பாலும் முழுப் பயிற்சி பெற்ற உதவி நாய். 1990-களின் பிற்பகுதியில் கனடாவின் ஒன்டாரியோவில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்றே இப்படி நாய்களைப் பழக்கித் தர ஆரம்பித்தார்கள். குட்டியிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம் பழக்கி, அதன் பிறகுதான் குடும்பத்திடம் ஒப்படைப்பார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட நாயைக் கடைக்குள்ளும் உணவகத்துக்குள்ளும் அழைத்துப் போவது சட்டப்படியான உரிமை.

இங்கே நிலைமை வேறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளையின் நாயைப் பேருந்திலும் மாலிலும் ஹோட்டலிலும் அனுமதிக்க வேண்டும் என்று அதில் தனி விதி எதுவும் இல்லை. வாசலில் செக்யூரிட்டி மறித்தால் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

அதனால் நமக்கு நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, பயிற்சியாளரோடு தெரபி மையத்துக்கு வந்து போகும் தெரபி நாய். இன்னொன்று, வீட்டிலேயே இருந்து இரண்டு மூன்று குறிப்பிட்ட வேலைகளைச் செய்யப் பழகிய துணைநாய். பிரிட்டனில் டாக்ஸ் ஃபார் குட் என்ற அமைப்பு, வீட்டில் வளரும் சாதாரண நாயை வைத்தே பிள்ளைக்கு எப்படி உதவுவது என்று பெற்றோருக்குப் பயிலரங்குகள் நடத்தியிருக்கிறது. நாம் இங்கே பேசப்போவது அந்த இரண்டாவது வழியைத்தான்.

ஆன்லைனில் ‘சர்வீஸ் டாக்’ என்று அச்சடித்த ஜாக்கெட்டும் அடையாள அட்டையும் விற்கிறார்கள். இரண்டுக்கும் இங்கே எந்த மதிப்பும் இல்லை. அந்தக் காசுக்கு நல்ல ஹார்னஸ் (நாயின் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை) வாங்குங்கள்.

2. நாய் செய்ய வேண்டிய வேலையை எழுதி வையுங்கள்

‘பிள்ளைக்கு ஒரு துணையாக இருக்கட்டும்’ என்பது வேலை ஆகாது. நாய்க்கு அப்படி ஒன்றைச் சொல்லிக் கொடுக்க முடியாது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன செய்யும்போது சிக்கல் வருகிறது? இரவு தூங்கப் போகும்போதா, பள்ளி வேன் வரும் நேரத்திலா, முடிவெட்டப் போகும்போதா, பாடம் எழுத உட்காரும்போதா?

அதிலிருந்து அதிகபட்சம் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். தூங்கும் நேரம், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம், கையைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் ஆகியவற்றில் நாயால் உதவ முடியும். பேச்சு வரவைக்கவோ டாய்லெட் பழக்கம் சொல்லித் தரவோ நாயால் ஆகாது. நாய் வந்ததும் தெரபியை நிறுத்துவது பெரிய தவறு. ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (பிள்ளைக்கு அன்றாட வேலைகளைப் பழக்கும் தெரபிஸ்ட்) அந்த நோட்டைக் காட்டி, அவரையும் இந்தத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: கனடாவின் கியூபெக்கில் 42 பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. காலையில் தூங்கி எழுந்ததும் உடலில் கார்ட்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் உயருவது இயல்பு. நாய் வருவதற்கு முன் அந்த உயர்வு 58 சதவீதம்; நாய் வீட்டில் இருந்தபோது 10 சதவீதம்; நாயைக் கொஞ்ச நாள் திருப்பி எடுத்துக்கொண்டபோது மறுபடி 48 சதவீதம். பழகிய நாய் அருகில் இருப்பது பிள்ளையின் உடம்பில் பதிகிறது என்று இதிலிருந்து சொல்லலாம். எல்லாப் பிள்ளைக்கும் இதே அளவு மாற்றம் வரும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

3. நாய் வரும் முன் பிள்ளையைத் தயார் செய்யுங்கள்

முதலில் சத்தம். குக்கர் விசிலுக்கும் மிக்சிக்கும் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்குக் குரைப்பு இன்னும் மோசம்; குக்கர் எப்போது சத்தம் போடும் என்பதையாவது ஓரளவு ஊகிக்கலாம். மொபைலில் குரைப்பை மிகச் சன்னமாக வைத்து, பிடித்த விளையாட்டின் நடுவே சில நொடி கேட்க விடுங்கள். நாளாக நாளாகச் சத்தத்தைக் கூட்டுங்கள். பிள்ளை காதைப் பொத்தினால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

அப்புறம் தொடுதலும் வாசனையும். முடி, எச்சில், மழையில் நனைந்த நாயின் வாடை எல்லாமே சிலருக்குத் தாங்காது. உறவினரோ நண்பரோ வளர்க்கும், வயது வந்த, அமைதியான நாயைப் பல தடவை பார்க்க வையுங்கள். முதலில் தூரத்திலிருந்து, அப்புறம் நாய் படுத்திருக்கும்போது அதன் முதுகுப் பக்கமாக. முகத்துக்கு நேராக வேண்டாம், அங்கேதான் நாக்கு நீளும்.

கூடவே ஒரு படக்கதை தயார் செய்யுங்கள். நாய் சாப்பிடும், நாய் தூங்கும், நாய் குரைக்கும், குரைத்தால் நான் என் அறைக்குப் போகலாம். நான்கைந்து படம் போதும். பேசாத பிள்ளையாக இருந்தால் பட அட்டைகளில் நாய்க்கும் ஒன்று, ‘நாய் வேண்டாம்’ என்பதற்கும் ஒன்று சேருங்கள். அந்த இரண்டாவது அட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத பிள்ளை, தள்ளியும் அடித்தும்தான் சொல்லும்.

இந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டிய காரணங்களும் உண்டு. நாய் முடி அலர்ஜி, ஆஸ்துமா என்றால் மருத்துவர் சொல்லாமல் தொடராதீர்கள். மண், சாணி, காகிதம் என்று கிடைத்ததை வாயில் போடும் பழக்கம் உள்ள பிள்ளை, நாயின் மலத்தையும் உண்ணி மருந்தையும் விட்டுவைக்காது. அதைச் சமாளிக்கும் வழி தெரிந்த பிறகே நாய். பல தடவை பார்த்த பிறகும் நாயைக் கண்டதும் உடல் விறைக்கிறது என்றால், இந்தப் பிள்ளைக்கு நாய் வேண்டாம். அதில் தோல்வி ஏதுமில்லை. ஒரு குட்டி மொட்டை மாடிக்குப் போகாமல் தப்பித்தது.

4. வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

நாயின் பொறுப்பு யாருடையது? ஒரே ஒரு பெரியவர். பிள்ளை இல்லை, வேலைக்கு வரும் அக்காவும் இல்லை. கனடாவில் முழுப் பயிற்சி பெற்ற நாய் பிள்ளையோடு நடக்கும்போதுகூட, கயிறு பெற்றோர் கையில்தான் இருக்கும். நாய் பிள்ளைக்கு உதவுகிறது. ஆனால் கட்டளை பெரியவரிடமிருந்து வருகிறது. இந்த ஏற்பாடு புரியாமல்தான் பல வீடுகளில் நாயை ஆயா ஆக்கிவிடுகிறார்கள்.

அந்த ஒருவருக்குக் காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப் போக, பயிற்சி தர, குளிப்பாட்ட எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். தெரபிக்கும் பள்ளிக்கும் ஓடிக்கொண்டிருக்கும் அம்மாவின் தலையில் இதையும் வைத்தால் மூன்றாவது மாதம் எல்லாம் நின்றுபோகும். யார் எந்த வேலையை விட்டுக்கொடுப்பது என்று உட்கார்ந்து பேசுங்கள்.

பாட்டிக்கு நாய் பூஜை அறைப் பக்கம் வரக்கூடாது என்றால், வாசலில் குறுக்குக் கதவு ஒன்று போட்டுவிடுங்கள். வாக்குவாதத்தைவிட அது சுலபம். அபார்ட்மென்ட் சங்கம் நாய் வளர்க்கவே கூடாது என்று தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் இதற்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. சங்கத்திடம் முன்கூட்டியே பேசிவிட்டால் பின்னால் லிஃப்டில் சண்டை வராது. சென்னை மாநகராட்சி எல்லையில் செல்ல நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். மற்ற ஊர்களில் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய்க்கென்று ஒரு மூலை ஒதுக்குங்கள். பிள்ளை நுழையக்கூடாத மூலை. தரையில் வண்ண டேப் ஒட்டிக் கோடு காட்டினால் பல பிள்ளைகள் அதை மதிக்கிறார்கள்; சொல்லால் போட்ட விதியைவிடக் கண்ணால் பார்க்கும் கோடு அவர்களுக்குத் தெளிவு. வயது வந்த நாய் நாளின் பாதி நேரம் தூங்கும். அதற்கு இடம் இல்லையென்றால் மற்ற எந்தப் பயிற்சியும் நிலைக்காது.

5. நாயைத் தேர்வு செய்யும்போது

குட்டி வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பவர்கள் குறைவு. பல் முளைக்கும் மாதங்களில் குட்டி கையைக் கடிக்கும், உடையைப் பிடித்து இழுக்கும், ஓடும் பிள்ளையைத் துரத்தும். பிள்ளை அலறும், அலறல் குட்டிக்கு விளையாட்டு. இருவருக்கும் முதல் மூன்று மாதம் இப்படிக் கழிந்தால் அந்தப் பயம் மாறுவது கடினம்.

ஒன்றரை முதல் மூன்று வயது வரையிலான நாயைத் தேடுங்கள். குணம் அதற்குள் தெரிந்துவிடும். பார்க்கப் போகும்போது நான்கு சோதனை செய்யுங்கள். ஒரு ஸ்டீல் தட்டைக் கொஞ்ச தூரத்தில் கீழே போடுங்கள்: திடுக்கிடலாம், ஆனால் சில நொடியில் வந்து முகர்ந்து பார்க்க வேண்டும். காது, பாதம், வாலை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். சாப்பிடும்போது வளர்ப்பவரைப் பக்கத்தில் நடக்கச் சொல்லி, நாய் விறைக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, சும்மா உட்காருங்கள்: தானாக உங்கள் பக்கம் வந்து படுக்கும் நாய் நல்லது. மேலே ஏறிக் குதிக்கும் நாய் பாசமானதுதான், ஆனால் இந்த வேலைக்கு இல்லை.

இனம் என்று பார்த்தால் லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் உலகமெங்கும் இந்த வேலைக்குப் பயன்படுகின்றன. கோல்டனின் முடி நம் வெயிலுக்குப் பெரும்பாடு. தத்தெடுத்த நாட்டு நாய், குணம் சரியாக இருந்தால், வெயிலை நன்றாகத் தாங்கும். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பேர்போனவை; அந்நியரைச் சந்தேகிக்கும் குணம், தினம் ஒரு தெரபிஸ்ட் வந்து போகும் வீட்டுக்கு ஒத்துவராது. சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் வேட்டை நாய்கள். ஓடுவதைத் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது, ஓடுவது நம் பிள்ளையின் இரத்தத்தில்.

வீட்டுக்குள் கொண்டுவரும் முன் ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசிகள், பூச்சி மருந்து, உண்ணிக்கு மருந்து, கருத்தடை அறுவை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வலியோடு இருக்கும் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கடிக்கும். அதனால் காது, பல், இடுப்பு எலும்பையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

6. முதல் மாதம்: பிள்ளையை வைத்துப் பயிற்சி வேண்டாம்

இந்த மாதம் நாய் பெரியவரோடுதான். பிள்ளை பார்க்கலாம், கூப்பிடலாம், பெரியவர் கையில் நாய் இருக்கும்போது தடவலாம். அதற்கு மேல் இல்லை. புது வீடு, புது வாசனை, புதுச் சத்தம் எல்லாம் அடங்க நாய்க்கும் நேரம் வேண்டும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். அப்பா ‘சிட்’ என்று சொல்ல, அம்மா ‘உட்காரு’ என்று சொல்ல, பாட்டி ‘ஏய், சும்மா இரு’ என்று சொன்னால் நாய் யாருக்கும் கேட்காது. ‘உட்காரு’, ‘படு’, ‘வா’, ‘இடம்’ (தன் மூலைக்குப் போவதற்கு), ‘போதும்’ ஆகிய ஐந்தும் முதல் மாதத்துக்குப் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சைகையும் சேர்த்துப் பழக்குங்கள். பேசாத பிள்ளையும் பின்னால் அந்தச் சைகையால் நாயிடம் பேச முடியும்.

சரியாகச் செய்த நொடியைக் காட்ட, பயிற்சியாளர்கள் கிளிக்கர் என்ற சிறு கருவியை அழுத்துவார்கள். சத்தத்துக்குக் கூசும் பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். ‘சரி’ என்று மெதுவாகச் சொல்லி, அவித்த கோழித் துண்டு ஒன்று கொடுத்தால் போதும்.

7. மூன்று வேலைகள்

தலையை மடியில் வைப்பது. அழுத்தம் பல பிள்ளைகளை அமைதிப்படுத்தும். கனமான போர்வை வேலை செய்யும் பிள்ளைக்கு இதுவும் பெரும்பாலும் வேலை செய்யும். பெரியவர் உள்ளங்கையை நீட்டுங்கள். நாய் தாடையை அதில் வைத்தால் ‘சரி’, ஒரு துண்டு. ஒரு நொடி, மூன்று நொடி, பத்து நொடி என்று நீட்டுங்கள். அப்புறம் உங்கள் தொடையில் ஒரு டவலை விரித்து, அதன்மேல் கையை வைத்துப் பழக்குங்கள். கையை எடுத்துவிட்டால் தாடை டவலில் நிற்கும். இப்போது ‘தலை’ என்ற சொல்லைச் சேருங்கள்.

அந்த டவல்தான் முக்கியம். அதே டவலைப் பிள்ளையின் மடியில் விரித்தால் நாய்க்கு இடம் தெரிந்துவிடும், பிள்ளைக்கு எச்சிலும் படாது. ஆனால் அதற்கு முன் ஒரு படி உண்டு, அதைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுங்கள், கையை உதறுங்கள், திடீரென்று குரல் எழுப்புங்கள். நாய் அதிலும் தலையை எடுக்காமல் இருந்தால்தான் பிள்ளையிடம் போகலாம். முதல் நாள் பத்து நொடி, ‘போதும்’, முடிந்தது.

முப்பது கிலோ நாயைப் பதினைந்து கிலோ பிள்ளையின் நெஞ்சில் படுக்கவிடாதீர்கள். அழுத்தம் மடியிலும் காலிலும் மட்டும். எவ்வளவு நேரம் என்பதைத் தெரபிஸ்ட் சொல்லட்டும்.

மூக்கால் தொட்டு நிறுத்துவது. கையைக் கடித்துக்கொள்ளும் பிள்ளையின் கவனத்தைத் திருப்ப இது. ‘தொடு’ என்றால் நாய் உங்கள் கையை மூக்கால் முட்ட வேண்டும். அது வந்தபின் உங்கள் கையை உங்கள் வாயருகே கொண்டுபோய் ‘தொடு’ சொல்லுங்கள். பல நாள் செய்தால் கை வாய்க்குப் போவதே நாய்க்குச் சைகை ஆகிவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. கையை உதறுவதும் சுற்றுவதும் பிள்ளை தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும் வழி. அதையெல்லாம் நிறுத்த நாயை அனுப்பக்கூடாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வதற்கு மட்டும்தான். தலையைச் சுவரில் முட்டும் பிள்ளையிடம் நாயைச் சேர்க்கவே கூடாது, நடுவில் மாட்டுவது நாய்தான்.

பாயில் படுத்திருப்பது. கேட்கச் சின்ன விஷயம், பலனோ பெரிது. பாடம் எழுதும் மேசைக்குக் கீழே, இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் நாய் அசையாமல் படுத்திருந்தால், தூக்கத்துக்கும் பாடத்துக்கும் ஒரு நிலையான அடையாளம் கிடைக்கிறது. தினமும் அதே பாய், அதே நேரம்.

மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் பிள்ளை கட்டுப்பாடு இழந்து அழுவது, கத்துவது) வந்தால் என்ன செய்வது? நாயை ‘இடம்’ சொல்லி அனுப்பிவிடுங்கள். பிள்ளை அடங்கத் தொடங்கி, தானே நாயைத் தேடும்போது அழைத்து வாருங்கள். உச்சத்தில் இருக்கும் பிள்ளையிடம் நாயைத் தள்ளுவது இருவருக்கும் ஆபத்து.

8. வெளியே போகும்போது

கனடாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளையின் இடுப்புப் பட்டையை நாயின் ஹார்னஸோடு இணைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை சாலைக்கு ஓடினால் நாய் உட்கார்ந்து தடுக்கும். நம் தெருவில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். நாலு தெருநாய்கள் சூழ்ந்தால் உங்கள் நாய் சண்டையிடும் அல்லது ஓடும், பிள்ளை அதோடு கட்டப்பட்டிருக்கும். அங்கேகூட முழுப் பயிற்சி பெற்ற நாயோடுதான், கூடவே பெரியவர் இருக்கும்போதுதான் அதைச் செய்கிறார்கள்.

மாற்று வழி: ஹார்னஸில் ஒரு கைப்பிடி தைத்து, பிள்ளை அதைப் பிடித்து நடக்கட்டும். பிள்ளை கையை எடுத்தால் பிடி விட்டுப்போகும், யாரையும் இழுக்காது. நாயின் கயிறு உங்கள் ஒரு கையில், உங்கள் இன்னொரு கை பிள்ளைக்காக. இரண்டாவது பெரியவர் ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது. முதலில் மாடி, அப்புறம் அபார்ட்மென்ட் வளாகம், கடைசியில் தெரு.

வெயில் நேரத்தில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள்; தாங்கவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. தீபாவளி வாரத்தில் நாயையும் பிள்ளையையும் ஒரே அறையில் வைத்து ஒருவரை ஒருவர் தேற்றுவார்கள் என்று நினைக்காதீர்கள். பயந்த நாய்க்குத் தனி அறை. ரயிலில் ஊருக்குப் போவதென்றால் முதல் வகுப்பில் முழு கூப்பேயோ கேபினோ (கதவு உள்ள தனி அறை) உங்களுக்குக் கிடைத்தால்தான் நாயைக் கூட வைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டுதான், துணைநாய்க்கு அந்த அனுபவம் தேவையில்லை.

9. நாய் சொல்வதைப் படியுங்கள்

ஒரு பையன் நாயின் காதை இரு விரலுக்கு நடுவில் வைத்து, புடவைத் தலைப்பைப் போலத் தேய்த்துக்கொண்டே இருப்பான். மென்மையாகத்தான். முதலில் நாய் கொட்டாவி விடும், அப்புறம் உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும். பார்ப்பவர்கள் ‘எவ்வளவு பொறுமை’ என்று வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது பொறுமை இல்லை, போதும் என்று நாய் நான்கு தடவை சொல்லிவிட்டது. உடனே ‘இடம்’ சொல்லி அனுப்புங்கள். காது தேய்க்க ஒரு வெல்வெட் துண்டைப் பிள்ளை கையில் கொடுங்கள்.

உறுமியதற்கு அடிக்காதீர்கள். உறுமலை அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். ஒன்டாரியோவில் இப்படிப்பட்ட குடும்பங்களைக் கவனித்த ஆய்வாளர்களும், நாய்களுக்கு ஓய்வும் விளையாட்டும் குறைவதையும், பிள்ளைகள் அறியாமல் நாயை வலிக்கச் செய்வதையும் கவலையோடு பதிவு செய்திருக்கிறார்கள். வேலை நேரம் போக, தினமும் ஒரு மணி நேரம் நாய் வெறும் நாயாக இருக்கட்டும்: முகர்ந்து, ஓடி, மண்ணில் புரண்டு.

பிள்ளையையும் நாயையும் தனியாக விட்டுப் போகாதீர்கள், குளிக்கப் போகும் ஐந்து நிமிடத்துக்குக்கூட. பேசாத பிள்ளை, கீறல் பட்டதைச் சொல்லாது. அதனால் தினமும் குளிப்பாட்டும்போது உடம்பு முழுக்கப் பாருங்கள். கடியோ கீறலோ இருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

10. மூன்று மாதத்திலும் ஒரு வருடத்திலும் திரும்பிப் பாருங்கள்

இரண்டாவது பகுதியில் சொன்ன அந்த நோட்டை எடுங்கள். தூங்க எடுக்கும் நேரம் குறைந்திருக்கிறதா? கை கடிப்பது குறைந்திருக்கிறதா? பாசம் வந்திருப்பது வேறு கணக்கு. அது சந்தோஷம்தான், ஆனால் எழுதி வைத்த மூன்றில் ஒன்றுகூட அசையவில்லையென்றால் பயிற்சியை மாற்ற வேண்டும். நல்ல பயிற்சியாளரை வீட்டுக்கு அழைத்து, பிள்ளை இருக்கும் நேரத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். நாயை மட்டும் ஒரு மாதம் வெளியூருக்கு அனுப்பிப் பழக்கி வாங்குவதில் பயனில்லை. அங்கே கற்றது அங்கேயே நின்றுவிடும், நீங்களும் ஒன்றும் கற்றிருக்க மாட்டீர்கள்.

ஒத்துவரவில்லையென்றால் நாய் எங்கே போகும் என்பதை வாங்கும் முன்பே, கொடுப்பவரிடம் பேசி வையுங்கள். தெருவில் விடுவது வழியே இல்லை.

எட்டு ஒன்பது வயதில் நாய்க்கு வேலையைக் குறையுங்கள். மடியில் தலை வைப்பதை நிறுத்தி, பாயில் படுப்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் தினசரிப் பட அட்டவணையில் அந்த மாற்றத்தை ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். நாய்க்கு வயதாகிறது, நடை மெதுவாகிறது, மருந்து சாப்பிடுகிறது என்று படக்கதையில் புதுப் பக்கங்களை அப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்.